காக்காவைத் ‘தாத்தா’ என்கிறான்: மழலையின் ஒலிப்பிழைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் ஒரு பாலர் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வேனில் வருகிறவர்கள். மீதிப் பேர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது டவுன் குடியிருப்புக்கு, வந்தவர்களின் பிள்ளைகள். காலையில் பிள்ளையை இறக்கிவிட்டு, மோட்டார் சைக்கிளை அணைக்காமலேயே பெற்றோர் கேட்கும் கேள்விகள் இவை. அந்த அவசரத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியை இங்கே எழுதிவைக்கிறேன். நான் பேச்சுச் சிகிச்சையாளர் அல்ல. பிள்ளைகளோடு ஈப்போவுக்குப் போய், சிகிச்சையாளர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டதும் கொஞ்சம் படித்ததும்தான் இதில் இருக்கின்றன.

என் மகனுக்கு மூன்று வயது. காக்காவைப் பார்த்துத் ‘தாத்தா’ என்கிறான். என் மாமனாருக்குக் கோபம் வருகிறது. இது குறும்பா, கோளாறா?

இரண்டும் இல்லை. அவனைக் ‘கை’ என்று சொல்லச் சொல்லுங்கள்; ‘தை’ என்பான். குச்சி ‘துச்சி’ ஆகும். கோழி ‘தோயி’ ஆகும். காக்கா என்ற ஒரு சொல்லில் மட்டும் அவன் தடுக்கி விழவில்லை. க வரும் இடமெல்லாம் த போடுகிறான். தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு, நம் பள்ளி மாணவர்கள் சந்தி இலக்கணத்தைக் கடைப்பிடிப்பதைவிடக் கண்டிப்பாக அதைக் கடைப்பிடிக்கிறான்.

காரணம் வாய்க்குள் இருக்கிறது. த சொல்ல, நாக்கின் நுனி பல்லைத் தொட்டால் போதும். க சொல்ல, நாக்கின் பின்பகுதி மட்டும் எழும்பி உள் அண்ணத்தை முட்ட வேண்டும். நுனி சும்மா கிடக்க வேண்டும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் க, ங இரண்டையும் முதல்நாவுக்கும், ச, ஞ இரண்டையும் இடைநாவுக்கும், ட, ண இரண்டையும் நுனிநாவுக்கும் ஒதுக்குகிறது. உள்ளேயிருந்து வெளியே வருகிற வரிசை அது. சின்னப் பிள்ளைக்கு நாக்கைப் பாகம் பாகமாக அசைக்க இன்னும் பிடிபடவில்லை. அதனால் உள்ளே பிறக்க வேண்டிய ஒலியை முன்னே இழுத்துவந்து பல்லில் வைத்துவிடுகிறது. அநேகம் பிள்ளைகளுக்கு மூன்றரை வயது வாக்கில் இது தானாகப் போய்விடும். நான்கு முடிந்தும் போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

அவன் காதிலேயே ‘தாத்தா’ என்றுதான் விழுகிறதோ?

பெரும்பாலும் இல்லை. நானே கண்ணால் பார்த்தது ஒன்று சொல்கிறேன். பழைய பால்மர (ரப்பர்) தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். தாத்தா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தகரக் கூரையில் காக்கா ஒன்று ‘டொப்’பென்று இறங்கியது. பேரன் மேலே விரல் நீட்டி, “தாத்தா!” என்றான். கிழவர் வேண்டுமென்றே, “அது தாத்தாவா?” என்று கேட்டார். பையனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “தாத்தா இல்லை! தாத்தா!” என்று தரையை உதைத்தான். முதலில் சொன்னது கிழவரை. அடுத்துச் சொன்னது காக்காவை. கிழவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “காக்காவா?” என்றதும், ‘இப்போதாவது புரிந்ததே’ என்கிற மாதிரித் தலையாட்டினான்.

அவனுடைய காதில் இரண்டும் வேறு வேறு, வாயில்தான் ஒன்று. ஜீன் பெர்கோ, ராஜர் பிரௌன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1960இல் இதே போன்ற ஒன்றை எழுதியிருக்கிறார்கள். தன் பொம்மை மீனை ‘ஃபிஸ்’ என்று சொன்ன பிள்ளை, பெரியவர் அதையே ‘ஃபிஸ்’ என்று திருப்பிச் சொன்னபோது ஒப்புக்கொள்ளவில்லை; ‘ஃபிஷ்’ என்ற பிறகுதான் ஒப்புக்கொண்டது. ஆகவே, பிள்ளையைப் போலவே கொஞ்சிப் பேசினால் அதற்குப் புரியும் என்று நினைக்கிற அத்தைமார்கள் இதைக் கவனிக்கவும்.

இதற்காகக் காதைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். வலியே இருக்காது, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கேட்பது மட்டும் மங்கலாகும். பேச்சில் சந்தேகம் வந்தால் முதல் பரிசோதனை காதுக்குத்தான்.

வேறு எந்த ஒலிகள் இப்படி மாறும்?

கேட்கக் கேட்க வேடிக்கையாக இருக்கும். காற்றைச் சீறவிட வேண்டிய ச, ஸ ஒலிகளை அடைத்து வெடிக்கவிடும்: சோறு ‘தோறு’, சாமி ‘தாமி’. மெல்லினத்தை விழுங்கிவிடும்: பந்து ‘பத்து’ ஆகும். அந்தப் பிள்ளையே பஸ்ஸையும் ‘பத்து’ என்றால், பந்து, பஸ், எண் 10 மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். எதைக் கேட்கிறது என்று தெரியாமல் அம்மா திண்டாடுவாள். நீளச் சொல்லில் வாலையோ தலையையோ வெட்டும்: தக்காளி ‘காளி’யாகும். கறிக்கு இரண்டு காளி எடுத்துவரச் சொன்ன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். வெட்டாமல், பின்னால் வரும் ஒலியை முன்னாலும் போட்டுக் ‘கக்காளி’ என்று சொல்கிற பிள்ளையும் உண்டு. ட, ண இரண்டும் பல்லுக்கு வந்துவிடும்: வண்டி ‘வந்தி’, வீடு ‘வீது’.

ர, ழ இரண்டும் கடைசியில்தான் வந்து சேரும். நாக்கு நுனி மேலே போய் அண்ணத்தை வருட வேண்டிய ஒலிகள் என்று இவ்விரண்டையும் தொல்காப்பியம் ஒரே நூற்பாவில் சேர்த்துச் சொல்கிறது. பிள்ளைகளும் ஒன்றாகவே சேர்த்துக் கோட்டை விடுகின்றன. மரம் ‘மயம்’ ஆகும், பழம் ‘பயம்’ ஆகும். “பயம் வேண்டும்” என்று அழுகிற பிள்ளைக்கு வாழைப்பழத்தை உரித்துக் கொடுங்கள். சில பிள்ளைகள் ரவுக்கு ய போடாமல் ல போடும். ரொட்டி ‘லொட்டி’ ஆனால் பாதகமில்லை. மரத்தை அப்படிச் சொன்னால் விருந்தாளிகள் முன்னால் முகம் சுளிக்க வேண்டிவரும். சிரித்துக் காட்டிவிடாதீர்கள், ஒருமுறை சிரித்தால் நாள் முழுதும் சொல்லும்.

எந்த வயதில் எது சரியாக வேண்டும்?

ப, ம, த, ந முதலில் வரும். அம்மா, அப்பா, தாத்தா, பாப்பா என்ற சொற்கள் பிள்ளைக்கு முதலில் வாய்ப்பது பாசத்தால் மட்டுமல்ல. இதழைச் சேர்ப்பதும் நுனியைப் பல்லில் வைப்பதும் எளிது. ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1941இலேயே இந்த வரிசையைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். சொல்லை வெட்டுவது மூன்று வயது வாக்கில் குறையும். க, ங மூன்றரைக்குள் வரும். ச, ஸ இன்னும் கொஞ்சம் இழுக்கும். ர, ழ, ள எல்லாவற்றுக்கும் கடைசி. ஐந்து ஆறு வயதிலும் தடுமாறினால் நான் அலட்டிக்கொள்வதில்லை.

இந்த வயதுக் கணக்குகளில் பெரும்பகுதி ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை வைத்துப் போட்டவை. தமிழுக்குச் சட்டையைப் போல் அப்படியே மாட்டிவிட முடியாது. ஆனால் ஷாரின் மெக்லியாட், கேத்ரின் குரோ இருவரும் 27 மொழிகளின் ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளியிட்ட கட்டுரை, எந்த மொழியானாலும் ஐந்து வயதில் பிள்ளைகள் மெய்யொலிகளில் குறைந்தது 93 விழுக்காட்டைச் சரியாகச் சொல்கிறார்கள் என்கிறது.

இதைவிட எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. வெளியாள் ஒருவருக்குப் பிள்ளையின் பேச்சு இரண்டு வயதில் பாதியும், மூன்று வயதில் முக்காலும், நான்கு வயதில் ஏறத்தாழ முழுதும் புரிய வேண்டும். வெளியாள் என்றால் உங்கள் அம்மா அல்ல. பாட்டிக்கு எல்லாம் புரியும். பாட்டியின் சாட்சி செல்லாது. வேன் ஓட்டும் அண்ணனைக் கேளுங்கள்.

என் மகளுக்கு ஆறு வயது. ழ சுத்தமாக வரவில்லை. பள்ளியில் கண்டிக்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் ஒரு கேள்வி: வீட்டில் யாருக்கு ழ வருகிறது? எங்கள் வட்டாரத்தில் பாதி வீடுகளில் பழம் ‘பளம்’தான், மழை ‘மளை’தான். அப்பா, தாத்தா, கோயில் பூசாரி, கடைக்காரர் எல்லாரும் ‘பளம்’ என்று சொல்லும்போது பிள்ளையும் ‘பளம்’ என்றால், அது தான் கேட்டதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதைப் பேச்சுக் கோளாறு என்று சொல்வது அநியாயம். ர, ற வேறுபாடும் இப்படித்தான். பெரியவர்களில் எத்தனை பேர் இரண்டையும் பிரித்து ஒலிக்கிறார்கள்? சொல்வதெழுதுதலில் றவுக்கு ர போட்டால், பார்க்க வேண்டியது எழுத்துக் கூட்டலை.

ஆகவே, ‘பளம்’ என்று சொல்லும் வீட்டில் பிள்ளை ‘பளம்’ என்றால் விட்டுவிடலாம். அதே வீட்டில் ‘பயம்’ என்றால் அது மழலை. ஆறு வயதுக்குப் பிறகும் ‘பயம்’தான் என்றால் காட்டலாம். நல்ல ழகரம் வேண்டுமென்று ஆசைப்படுவது வேறு. அதை ஆசிரியர் கற்றுக்கொடுக்கட்டும், நானும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் மேல்’ என்று தொடங்கி நாக்குப் புரளச் சொல்லும் வாக்கியத்தை நான்கு வயதுப் பிள்ளையிடம் கொடுத்து வருவோர் போவோர் முன்னால் சொல்லவைப்பது வேண்டாம். அது ழ வந்தவர்கள் விளையாடுகிற விளையாட்டு.

வீட்டில் தமிழ், பாலர் பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். மூன்றும் சேர்ந்து குழப்புகின்றனவா? வீட்டில் ஒரே மொழி பேசச் சொல்லி ஒருவர் ஆலோசனை சொன்னார்.

அந்த ஆலோசனையை ஏற்காதீர்கள். பல மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வராது. பெற்றோர் தங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பிள்ளையிடம் பேச ஆரம்பித்தால், பேச்சு குறையும், கதை குறையும், கொஞ்சல் குறையும். நட்டம் பிள்ளைக்குத்தான்.

ஒரு மொழியின் பழக்கம் இன்னொன்றில் எட்டிப் பார்ப்பது உண்டு. பேச்சுத் தமிழில் பால் ‘பாலு’, பஸ் ‘பஸ்ஸு’. மெய்யில் முடியும் சொல்லுக்கு நாம் ஓர் உகரம் கொடுத்துவிடுவோம். அதே பழக்கத்தில் பிள்ளை மலாய்ச் சொல்லுக்கும் வால் வைக்கும். தமிழில் ‘ப’ என்ற ஓரெழுத்துதான். மலாயில் அது p, b என்று இரண்டு தனி ஒலிகள், மாற்றிச் சொன்னால் பொருளே மாறும். அங்கே பிள்ளை தடுமாறினால், தமிழ் தெரியாத ஆசிரியைக்குக் கோளாறாகத் தோன்றும். மறுபக்கம், மலாயில் ட, ண, ள, ழ போன்ற, நாக்கை மடித்துச் சொல்லும் நாமடி ஒலிகள் கிடையாது. நாள் முழுதும் மலாய் கேட்கும் பிள்ளைக்கு அவை தமிழில் கொஞ்சம் தாமதமாக வரலாம்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. உண்மையான ஒலிக்கோளாறு பிள்ளை பேசுகிற எல்லா மொழியிலும் தலைகாட்டும். கவைத் தவாக்கும் பிள்ளை மலாயில் பூனையைக் ‘கூச்சிங்’ என்று சொல்லாது. ‘தூச்சிங்’ என்றுதான் சொல்லும். பிழை ஒரு மொழியில் மட்டும் இருந்தால் அந்த மொழி இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்கிறார்களே?

நாக்கின் அடியில் உள்ள சவ்வு குட்டையாக இருப்பதால் பேச்சே வராமல் போவதில்லை. ர போன்ற சில ஒலிகளுக்கு வேண்டுமானால் இடைஞ்சல் வரலாம். கவைத் தவாக மாற்றுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வெட்டுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

வசம்பு உரசி நாக்கில் தடவலாமா? தேன்?

வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே பெயர். எங்கள் பாட்டிகள் அதை நம்பினார்கள், எனக்கும் தடவியிருப்பார்கள். ஆனால் நாக்கின் அசைவை அது மாற்றாது. அதில் உள்ள ஒரு வேதிப்பொருள் கெடுதல் என்பதால் அமெரிக்கா 1968இலேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்துவிட்டது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் துளியும் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் பாட்டியோடு சண்டை போட்டாலும் பரவாயில்லை.

என் மாமியார், ‘குமரகுருபரரே ஐந்து வயது வரை பேசவில்லை, காத்திரு’ என்கிறார்.

கதையை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். பேசாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் திருச்செந்தூருக்குப் போனார்கள் என்பதுதான் மீதிக் கதை. அவர்கள் ஸ்ரீவைகுண்டத்தில் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நீங்களும் முருகனிடம் போங்கள். போகிற வழியில் கிளினிக்கிலும் இறங்குங்கள்.

எந்தப் பிழைக்குக் காத்திருக்கக் கூடாது?

நான் சொன்ன ‘காக்கா தாத்தா’ தலைகீழாக வந்தால், அதாவது பிள்ளை தாத்தாவைக் ‘காக்கா’ என்றால் கவனியுங்கள். எளிய ஒலியை விட்டுக் கடினமான ஒலிக்குப் போவது வழக்கமான பாதை அல்ல. சொல்லின் முதல் மெய்யை எப்போதும் விழுங்குவதும் அப்படித்தான்: பால் ‘ஆல்’, மாடு ‘ஆடு’. உயிரொலிகள் குழம்புவது, அதே சொல்லைக் காலையில் ஒரு மாதிரி, மாலையில் வேறு மாதிரி, இரவில் மூன்றாவது மாதிரி சொல்வது, ப, த, ச சொல்லும்போது காற்று மூக்கு வழியே போவது ஆகியவையும் காட்ட வேண்டியவை. மூக்கு வழியே காற்று போனால் அண்ணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே தெரியாத அண்ணப் பிளவும் உண்டு.

வந்த சொற்கள் மறைந்துபோவது, கூப்பிட்டால் திரும்பாதது, இரண்டு வயதிலும் இரண்டு சொல் சேராதது ஆகியவை ஒலிப்பிழைகள் அல்ல, வேறு கணக்கு. உடனே போங்கள்.

வீட்டில் நான் என்ன செய்யலாம்?

செய்யக் கூடாததை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதை நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனை உட்காரவைத்து, “காக்கா சொல்லு, காக்கா சொல்லு” என்று பத்து முறை சொல்லவைத்தேன். பத்து முறையும் ‘தாத்தா’தான் வந்தது. பதினோராம் முறை வாயை இறுக மூடிக்கொண்டான். அந்த வாரம் முழுதும் என்னிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பாட்டிலைக் கொண்டுவந்து மடியில் வைத்தான். மூன்று வயதுப் பிள்ளையைப் பேசாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தேன்.

இப்போது இப்படிச் செய்கிறேன். பிள்ளை, “தாத்தா பறக்கிறது” என்றால், “ஆமாம், காக்கா பறக்கிறது. காக்கா கூரையில் உட்கார்ந்துவிட்டது. காக்காவுக்குக் கொஞ்சம் சோறு வைக்கலாமா?” என்கிறேன். ‘தப்பு’ என்ற பேச்சே இல்லை. சரியான ஒலி நாலைந்து முறை அதன் காதில் விழுகிறது, உரையாடலும் அறுபடவில்லை. பிள்ளை திருப்பிச் சொன்னால் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

நான்கு வயதுக்கு மேல் படவிளையாட்டு நன்றாகப் பலிக்கும். காக்கா ஒரு படம், தாத்தா ஒரு படம். பிள்ளை எதைச் சொல்கிறதோ அதை நீங்கள் எடுக்க வேண்டும். காக்காவை மனதில் வைத்துக்கொண்டு ‘தாத்தா’ என்று சொன்னால் தாத்தா படத்தையே எடுத்துக் கொடுங்கள். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்றதும் பிள்ளை தானாக நாக்கைத் தேட ஆரம்பிக்கும். சிகிச்சையாளர்கள் கையாளும் முறை இது. க பிறக்கும் இடத்தைக் காட்ட, தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கச் சொல்லலாம். மல்லாந்து படுத்தால் நாக்கு தானாகப் பின்னால் சரியும். அப்போதும் சொல்லிப் பார்க்கலாம்.

பலூன் ஊதுவது, ஊதல் ஊதுவது, நாக்கை வெளியே நீட்டி ஆட்டுவது ஆகியவற்றால் பேச்சு திருந்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. பிறந்தநாளுக்கு ஊதுங்கள்.

கைப்பேசி பார்ப்பதால்தானா?

ஒலி மாறுவதற்கு அது காரணமல்ல. ஆனால் கைப்பேசி பதில் பேசாது, “காளியா? தக்காளியா?” என்று திருப்பிக் கேட்காது.

எங்கே காட்டுவது? மாற்றுத்திறனாளி அட்டை எடுக்கச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

அரசுக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட். அங்குள்ள மருத்துவரிடம் கடிதம் வாங்கினால்தான் பெரிய மருத்துவமனையில் காது பரிசோதனைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் தேதி கிடைக்கும். தேதி தள்ளித்தான் கிடைக்கும். அதனால்தான் நான்கு வயதில் தயங்காதீர்கள் என்கிறேன். ஏழு வயதில் முதலாம் ஆண்டு தொடங்கிவிடும். அப்போதும் பேச்சு தெளியாத பிள்ளைக்கு வாசிப்பும் சிரமமாகலாம்.

சிகிச்சையாளர்கள் நம் நாட்டில் குறைவு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் இந்தப் படிப்பைத் தொடங்கியதே 1995இல்தான். தமிழ் தெரிந்தவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் வீட்டில் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்: எங்கள் வீட்டில் ழ கிடையாது, சொல் முடிவில் உகரம் சேர்ப்போம் என்று. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. தனியாரிடம் போனால், 2016ஆம் ஆண்டுச் சட்டம் 774இன் கீழ் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. கவைத் தவாக்கும் பிள்ளைக்கு யாரும் அட்டை எடுக்கச் சொல்ல மாட்டார்கள். அட்டை தேவைப்படும் பிள்ளைக்கு அது உதவிதான், முத்திரை அல்ல. அதுவும் நீங்கள் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

போகும்போது என்ன எடுத்துப்போக வேண்டும்?

பிள்ளையின் கிளினிக் புத்தகம். கைப்பேசியில் இரண்டு நிமிடப் பதிவு, வீட்டில் விளையாடும்போது எடுத்தது. மருத்துவமனையில் உங்கள் வாயாடி ஊமையாகிவிடும். ஒரு தாளில் இருபது சொற்கள்: இடப்பக்கம் நீங்கள் சொல்வது, வலப்பக்கம் பிள்ளை சொல்வது, கேட்டபடியே தமிழில் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் பிள்ளையின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். க, ர, ழ வரும் பெயரை ஆசையாகப் பார்த்துப் பார்த்து வைத்திருப்போம், முகப்பில் “உன் பெயர் என்ன?” என்று கேட்கும்போதுதான் அது பிள்ளைக்கே வரவில்லை என்று தெரியவரும்.